நாலாவது மேட்ச்சுக்கு முந்தின ராத்திரி

ஒரே எதிரி... ஏழு மேட்ச்... என்.பி.ஏ. கோச்சுகள் தூக்கம் தொலைக்கிற சீசன்!

உங்களுக்கு வயசு 28-னு வெச்சுக்குங்க. அமெரிக்காவுல ஒரு பாஸ்கெட்பால் டீம்ல வேலை. நீங்க பிளேயர் இல்லை, கோச்சும் இல்லை. மேட்ச் வீடியோக்களை வெட்டி ஒட்டித் தர்றது, தலைமை கோச்சுக்கு எடுபிடி வேலை பார்க்கறது, பிராக்டிஸ் நேரத்துல ஸ்பீக்கர்ல என்ன பாட்டு ஓடணும்னு லிஸ்ட் போடறது... இதான் உங்க டிபார்ட்மென்ட். உங்க டீம் ஃபைனல்ஸ்ல 1-2னு பின்தங்கிக் கிடக்கு. 40 வருஷமா அந்த டீமுக்குக் கோப்பையே கிடைச்சதில்லை. அடுத்தது நாலாவது மேட்ச். அதுலயும் தோத்தா 1-3. அப்புறம் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ராத்திரி பழைய வீடியோ ஒண்ணைப் போட்டுப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க. சட்டுனு ஒரு யோசனை. 'நம்ம ஏழடி சென்டரை உட்கார வெச்சுட்டு, அவரைவிட அரை அடி குள்ளமான ஆளை முதல் அஞ்சு பேர்ல இறக்கினா என்ன?' இதைப் போய் கோச்சுகிட்ட சொல்வீங்களா, இல்லை 'நமக்கெதுக்கு வம்பு'ன்னு போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கிடுவீங்களா?

நிக் யூரென் சொன்னார். 2015 ஜூன், கிளீவ்லேண்ட் நகரம். உதவி கோச் லூக் வால்டன்கிட்ட பேசி, அப்படியே தலைமை கோச் ஸ்டீவ் கெர்ருக்கும் விஷயத்தைத் தட்டிவிட்டார். கெர் அதைக் கேட்டார். அந்த ஃபைனல்ஸோட தலையெழுத்து மாறினது அங்கதான்.

என்ன மாறிச்சுன்னு பார்க்கறதுக்கு முன்னால, இந்த ப்ளே-ஆஃப் சமாசாரத்தைக் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம்.

இன்டர்னல் டெஸ்ட்டும் வைவாவும்

என்.பி.ஏ.ல மொத்தம் 30 டீம். ஒரு சீசனுக்கு ஒவ்வொரு டீமும் 82 மேட்ச் ஆடணும். இன்னிக்கு ஒரு ஊர், நாளைக்கு வேற ஊர், நடுவுல ஃப்ளைட்டுல தூக்கம். எதிர் டீமை உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ண யாருக்கும் நேரம் கிடையாது. அவங்கவங்களுக்குத் தெரிஞ்ச ஆட்டத்தை ஆடிட்டுப் போயிட்டே இருப்பாங்க. நம்ம இன்டர்னல் டெஸ்ட் மாதிரி. முக்கியமான கேள்வி பத்தை மனப்பாடம் பண்ணிட்டுப் போனா பொழைச்சுக்கலாம்.

ஏப்ரல்ல ப்ளே-ஆஃப் ஆரம்பிச்சதும் கதையே மாறிடும். 16 டீம் மட்டும் மிச்சம். ஒரே டீமோட ஏழு மேட்ச் வரைக்கும் மோதணும். யார் முதல்ல நாலு ஜெயிக்கறாங்களோ அவங்க அடுத்த ரவுண்டுக்கு. ரெண்டு வாரம் ஒரே முகத்தைத்தான் பார்க்கணும். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் நடுவுல ஒண்ணு ரெண்டு நாள் இடைவெளி. அந்த இடைவெளியில ரெண்டு பக்கத்து கோச்சுகளும் ராத்திரி பகலா வீடியோ பார்ப்பாங்க. இது வைவா, பாஸ்! எதிர்ல உட்கார்ந்திருக்கிற எக்ஸ்டர்னல் உங்களுக்கு எது தெரியாதுன்னு ரெண்டாவது கேள்வியிலேயே கண்டுபிடிச்சுடுவார். அப்புறம் அதையேதான் கேட்டுக்கிட்டு இருப்பார்.

உதாரணத்துக்கு டோனி ஆலன். மெம்ஃபிஸ் டீம்ல ஆடினவர். எதிராளியை மறிச்சு ஆடறதுல அந்தக் காலத்துல லீக்லயே முதல் வரிசை. ஆனா தூரத்துலேர்ந்து கூடைக்குப் பந்து போடறதுல வீக். 82 மேட்ச்ல இது பெரிசாத் தெரியாது. 2015 ரெண்டாவது ரவுண்டுல கெர்ரோட கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் இதே மெம்ஃபிஸ்கிட்ட 1-2னு மாட்டிக்கிச்சு. நாலாவது மேட்ச்ல கெர் ஒரு வேலை பண்ணார். ஏழடி சென்டர் ஆண்ட்ரூ போகட்டை, ஆலனுக்குக் காவல் போட்டார். பேருக்குத்தான் காவல். போகட் ஆலன் பக்கமே போகலை. கூடைக்கு அடியில நின்னுக்கிட்டு மத்தவங்களை மறிச்சார். 'நீ எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்கோப்பா'ன்னு ஆலனைத் தனியா விட்டுட்டாங்க. காலியா நிக்கற ஆளுக்குப் பந்து வருது, அவரால போட முடியலை, மெம்ஃபிஸோட மொத்த ஆட்டமும் சிக்கிடுச்சு. மெம்ஃபிஸ் கோச் 48 நிமிஷத்துல பாதி நேரம்கூட ஆலனைக் களத்துல வெச்சிருக்க முடியலை. வாரியர்ஸ் 101-84. அடுத்த ரெண்டும் ஜெயிச்சு ரவுண்டையே முடிச்சுட்டாங்க.

ஒரு நல்ல ஆட்டக்காரரை, அவரைத் தொடாமலே, ஆட்டத்தை விட்டு வெளியே அனுப்பறது எப்படின்னு இதுல தெரிஞ்சுக்கலாம். கொஞ்சம் கொடூரம்தான்.

கெர் சொன்ன பொய்

இப்ப ஃபைனல்ஸுக்கு வருவோம். எதிர்ல கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ், லெப்ரான் ஜேம்ஸோட டீம். கெவின் லவ் ஏற்கனவே காயம். கைரி இர்விங் முதல் மேட்ச்லேயே முழங்கால் சில்லு உடைஞ்சு அவுட். மிச்சம் இருந்தது லெப்ரான் மட்டும்தான்னு சொன்னாக்கூடத் தப்பில்லை. அந்த ஒத்தை ஆளே வாரியர்ஸைத் திணறடிச்சார். ஆட்டத்தை மெதுவாக்கி, பந்தைத் தன் கையில வெச்சுக்கிட்டு, ஒவ்வொரு தடவையும் கடிகாரம் தீர்ற வரைக்கும் இழுத்து, 'வேகமா ஓடறவனை மெதுவா நடக்க வை'ங்கற கணக்குல ஆடினார். முதல் மேட்ச் வாரியர்ஸுக்கு, அடுத்த ரெண்டும் கிளீவ்லேண்டுக்கு.

வாரியர்ஸோட சிக்கல் என்னன்னா, ஸ்டெஃப் கர்ரிகிட்ட பந்து வந்ததும் ரெண்டு பேர் பாய்ஞ்சு மறிச்சாங்க. அவர் பந்தை டிரேமண்ட் கிரீனுக்குத் தட்டிவிடுவார். இப்ப கணக்குப்படி வாரியர்ஸ் நாலு பேர், எதிர்ல மூணே பேர். லட்டு மாதிரி வாய்ப்பு. ஆனா போகட்டால வெளியிலேர்ந்து கூடையில போட முடியாது. அதனால அவரைப் பார்த்துக்க வேண்டிய டிமோஃபி மோஸ்கோவ், ஏழடி ஒரு அங்குலம், நிம்மதியா கூடைக்கு அடியில தூண் மாதிரி நின்னுட்டார். கிரீன் உள்ளே போனா தூண்ல முட்டிக்கணும். டோனி ஆலனுக்குக் கெர் எதைப் பண்ணாரோ, கிட்டத்தட்ட அதையே அவரோட போகட்டுக்குக் கிளீவ்லேண்ட் பண்ணிக்கிட்டு இருந்துச்சு!

யூரென் சொன்ன வைத்தியம்: தூணைக் கூடைக்கு அடியிலேர்ந்து கிளப்பணும்னா, அவர் காவல் காக்க வேண்டிய ஆள் வெளியில நிக்கணும். அதனால போகட் வெளியே, ஆண்ட்ரே இகுடாலா உள்ளே. இகுடாலா ஆறு அடி ஆறு அங்குலம். அந்த ஊர்ல அதுக்குப் பேர்தான் குள்ளம். அவர்தான் லெப்ரானை மறிக்கறதுலயும் டீம்லயே பெஸ்ட். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. ஆபத்தும் இருக்கு. ஆறரை அடிக்குக் கொஞ்சம் மேல இருக்கற கிரீன், ஏழடி மோஸ்கோவை மறிக்கணும். மோஸ்கோவ் பந்தை வாங்கி மேலேர்ந்து போட்டுக்கிட்டே இருந்தா? ரீபவுண்ட் எல்லாம் அவங்களுக்கே போயிட்டா?

இன்னொரு சங்கடமும் உண்டு. போகட் அந்த வருஷம் லீக்கோட சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர்கள் பட்டியல்ல இடம்பிடிச்சவர். சீசன் முழுக்க இந்த டீமைத் தூக்கி நிறுத்தினவர்கள்ல ஒருத்தர். அவர்கிட்ட போய் 'இன்னிக்கு நீங்க ஆரம்பத்துல இறங்க வேண்டாம்'னு சொல்லணும். மறுபக்கம் இகுடாலா. கெர் வர்ற வரைக்கும் தன் கேரியர்ல ஆடின ஒவ்வொரு சீசன் மேட்ச்லயும் முதல் அஞ்சு பேர்ல இறங்கினவர். கெர் வந்ததும் 'நீங்க பெஞ்ச்சுல இருந்து வாங்க'ன்னு கேட்க, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம ஒத்துக்கிட்டவர். அந்த சீசன் முழுக்க ஒரு மேட்ச்லகூட ஸ்டார்ட் பண்ணலை. இப்ப அவரை ஃபைனல்ஸ்ல, அதுவும் நாலாவது மேட்ச்ல கூப்பிடறாங்க.

மேட்ச்சுக்கு முன்னால நிருபர்கள் கேட்டாங்க: 'லைன்-அப்ல ஏதாவது மாத்தம் உண்டா?' கெர் இல்லைன்னு சாதிச்சார். பச்சைப் பொய்! மேட்ச் முடிஞ்சதும் 'ஆமா, பொய்தான் சொன்னேன். ஒழுக்கத்தைப் பார்த்து யாரும் கோப்பை தர்றதில்லை'ங்கற மாதிரி சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டார். அதே கூட்டத்துலயே 'யோசனை என்னோடது இல்லை, யூரெனோடது'ன்னும் போட்டு உடைச்சார். எனக்கு அந்தப் பொய்யைவிட இந்த உண்மைதான் பெரிசாத் தெரியுது. புராஜெக்ட்ல ராத்திரியெல்லாம் கண்முழிச்சு கோடிங் எழுதினது ஒருத்தன், வைவால எழுந்து நின்னு பேசினது இன்னொருத்தன்னு நம்ம பார்த்ததில்லையா என்ன?

சரி, மேட்ச் எப்படி ஆரம்பிச்சுது தெரியுமா? 0-7. கிளீவ்லேண்ட் முதல் ஏழு பாயின்ட்டையும் எடுத்துடுச்சு. பல்பு! கெர் டைம்-அவுட் கேட்டார். அந்த இடத்துல நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? உலகமே டிவியில பார்க்குது. பாட்டு லிஸ்ட் போடற பையன் பேச்சைக் கேட்டு ஏழடி ஆளை உட்கார வெச்சிருக்கீங்க. கை தானா பெஞ்ச் பக்கம் போகும்ல? கெர் போகட்டைக் கூப்பிடலை. கொஞ்ச நேரத்துல வாரியர்ஸோட கால்கள் ஓட ஆரம்பிச்சுது. முதல் கால் பகுதி முடியறப்போ அவங்கதான் முன்னால. பயந்த மாதிரியே மோஸ்கோவ் 28 பாயின்ட் எடுத்தார். கெர் அசரலை. ரெண்டு ரெண்டா அவர் எடுத்துக்கட்டும், நாம மூணு மூணா எடுத்துக்கறோம்னு விட்டுட்டார். முடிவு 103-82. இகுடாலா 22 பாயின்ட். போகட் அன்னிக்கு ஆடினது மூணு நிமிஷத்துக்கும் குறைவு.

சுவாரஸ்யம் இனிமேதான். கிளீவ்லேண்ட் கோச் டேவிட் பிளாட்டுக்கு இப்ப தலைவலி. ஐரோப்பாவுல கோப்பையெல்லாம் ஜெயிச்சுட்டு வந்தவர். கெர்ரை மாதிரியே என்.பி.ஏ.ல முதல் வருஷ கோச். 28 பாயின்ட் எடுத்த ஆளைத் தொடர்ந்து ஆடவிடறதா, இல்லை வாரியர்ஸோட வேகத்துக்கு ஈடு கொடுக்கத் தானும் குள்ளமா மாறறதா? மாறினார். அஞ்சாவது மேட்ச்ல மோஸ்கோவுக்குக் கிடைச்சது 9 நிமிஷம், பாயின்ட் சைபர். லெப்ரான் 40 பாயின்ட், 14 ரீபவுண்ட், 11 அசிஸ்ட்னு ராட்சச ஆட்டம் ஆடியும் 104-91னு வாரியர்ஸ் ஜெயிச்சுது. தன்னோட பெரிய பலத்தை எதிராளி தானே எடுத்து உள்ளே வெச்சுக்கற நிலைக்குத் தள்ளினதுதான் அந்த லைன்-அப்போட உண்மையான வெற்றின்னு நான் சொல்வேன். ஆறாவது மேட்ச் 105-97, கதை முடிஞ்சுது. ஃபைனல்ஸ் எம்.வி.பி. யாரு? சீசன்ல ஒரு மேட்ச்கூட ஸ்டார்ட் பண்ணாத இகுடாலா. அத்தனை மேட்ச்லயும் ஸ்டார்ட் பண்ணாம அந்த விருதை வாங்கின முதல் ஆள் அவர்தான்.

அந்தப் பழைய வீடியோ

யூரென் ராத்திரி பார்த்த வீடியோ எதுன்னு சொல்லலையே? முந்தின வருஷம், 2014 ஃபைனல்ஸ். சான் அன்டோனியோ ஸ்பர்ஸும் மியாமி ஹீட்டும். 1-1னு சமமா இருந்தப்போ, ஸ்பர்ஸ் கோச் கிரெக் போபோவிச் மூணாவது மேட்ச்ல சென்டர் டியாகோ ஸ்ப்ளிட்டரைத் தூக்கிட்டு போரிஸ் டியாவை இறக்கினார். டியாவ் பார்க்கறதுக்குப் பக்கத்து வீட்டு அங்கிள் மாதிரி கொஞ்சம் பூசின உடம்பு. ஆனா பந்தைக் கைமாத்தி விடறதுல மன்னன். அன்னிக்கு முதல் பாதியிலயே ஸ்பர்ஸ் 71 பாயின்ட். போட்டதுல நாலுல மூணு கூடைக்குள்ள. 111-92. அடுத்த ரெண்டும் ஜெயிச்சுக் கோப்பை. கெர்ரும் ஒரு காலத்துல இதே போபோவிச்கிட்ட ஆடினவர்தான். ஆக, யோசனை குருநாதர் வீட்டுலேர்ந்தே வந்திருக்கு.

போபோவிச்சுன்னா எல்லாமே வெற்றிதானா? ஐயோ, 2013-ஐ மறக்க முடியுமா! அதே மியாமி, ஆறாவது மேட்ச். ஸ்பர்ஸ் 3-2 முன்னிலை. கடைசி 28 செகண்டுக்கு 5 பாயின்ட் லீட். கோப்பை கொடுக்கறதுக்காக மைதானத்தைச் சுத்தி மஞ்சள் கயிறு கட்ட ஆரம்பிச்சாச்சு. மியாமிக்கு அப்ப தேவை த்ரீ-பாயின்டர். வெளியில ஓடிப் பிடிக்கறதுக்குக் கால் வேகம் வேணும்னு போபோவிச் ஒரு முடிவெடுத்தார். டிம் டங்கனை பெஞ்ச்சுக்கு அனுப்பினார். அன்னிக்கு 30 பாயின்ட், 17 ரீபவுண்ட் எடுத்த டங்கனை! லெப்ரான் போட்டது தவறிச்சு. ரீபவுண்டைப் பிடிக்க டங்கன் இல்லை. மியாமியோட மைக் மில்லர் கைக்குப் பந்து போய், லெப்ரான் மறுபடி போட்டு மூணு எடுத்தார். கொஞ்ச செகண்ட் கழிச்சு அதே கதை: மறுபடி டங்கன் பெஞ்ச்சுல, மறுபடி லெப்ரான் தவற விட்டார், இந்தத் தடவை கிறிஸ் பாஷ் பந்தைப் பிடிச்சு மூலையில இருந்த ரே ஆலனுக்குத் தள்ளினார். 5.2 செகண்ட் இருக்கறப்போ ஆலன் போட்ட மூணு, ஸ்கோர் 95-95. ஓவர்டைம்ல மியாமி 103-100. ஏழாவது மேட்ச்சும் மியாமிக்கே. கட்டின மஞ்சள் கயிறை அவிழ்க்க வேண்டியதாப் போச்சு.

போபோவிச் செஞ்சது தப்பா? எல்லாரும் கழுவிக் கழுவி ஊத்தினாங்க. என்னைக் கேட்டா, கணக்கு சரி, விடை தப்பு. லெப்ரான் போட்ட ரெண்டு பந்துமே தவறித்தானே போச்சு? வேகமான ஆளுங்க வேலையைச் செஞ்சுட்டாங்க. பந்து குதிச்ச திசைதான் காலை வாரிடுச்சு. ஆனா ஒரே காரணத்தால ரெண்டு தடவை அடி வாங்கினார்ங்கறதும் உண்மை. முதல் தடவை பட்டதும் மாத்தியிருக்கலாமோன்னு தோணுதுதான். யோசிச்சுப் பாருங்க, இந்த ரெண்டுக்கும் நடுவுல ஓடினது சில செகண்டுகள்தான். நம்ம கேன்டீன்ல டீயா காபியான்னு முடிவு பண்ணவே அதைவிட நேரமாகும்.

அதே ஆள் மறு வருஷம் அதே டீமுக்கு எதிரா மறுபடி ஒரு சென்டரை உட்கார வெச்சார் பாருங்க, அந்த தைரியத்துக்கு ஒரு விசில்!

பொடியனும் நாலு கட்டமும்

2011-லயும் ஒரு நாலாவது மேட்ச் உண்டு. டல்லாஸ் மேவரிக்ஸ், எதிர்ல லெப்ரான்-வேட்-பாஷ்னு மூணு சூப்பர் ஸ்டார்கள் சேர்ந்த மியாமி. 1-2னு பின்தங்கின டல்லாஸ் கோச் ரிக் கார்லைல், டிஃபென்ஸ்ல பேர் வாங்கின டிஷான் ஸ்டீவன்சனை எடுத்துட்டு, ஹோசே பரேயாவை ஸ்டார்ட் பண்ண வெச்சார். பரேயா ஆறடிக்குள்ள அடங்கற பொடியன். அதுவரைக்கும் அந்த ஃபைனல்ஸ்ல அவருக்குப் பந்து கூடையில விழவே அடம் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. 'சொதப்பினவனுக்கு பிரமோஷனா?'ன்னு எல்லாரும் முழிச்சாங்க. கார்லைல் பார்த்தது அவர் போட்ட பந்துகளை இல்லை, அவர் புகுந்து போற இடங்களை. பரேயா உள்ளே நுழைஞ்சதும் டிஃபென்ஸ் கலையுது, கலைஞ்சா டர்க் நோவிட்ஸ்கிக்கு இடம் கிடைக்குது. நாலாவது மேட்ச் 86-83. நோவிட்ஸ்கி அன்னிக்குக் காய்ச்சலோட ஆடினார். லெப்ரான் எடுத்தது 8 பாயின்ட். அடுத்த மேட்ச்ல பரேயா 17, கடைசி மேட்ச்ல 15. ஆறாவது மேட்ச்சுக்கு மியாமியும் தன்னோட ஸ்டார்ட்டிங் கார்டை மாத்திப் பார்த்துச்சு; லேட்டாயிடுச்சு. டல்லாஸுக்கு முதல் கோப்பை.

இன்னொரு வேடிக்கை, 2019. டொரான்டோ கோச் நிக் நர்ஸ். இங்கிலாந்து லீக், அப்புறம் என்.பி.ஏ.வோட குட்டி லீக்னு சுத்தி அலைஞ்சுட்டு வந்த மனுஷன். ஃபைனல்ஸ் ரெண்டாவது மேட்ச்ல வாரியர்ஸோட கெவின் டுரான்ட் இல்லை, நடுவுல கிளே தாம்சனும் காயம். மிச்சம் கர்ரி. நர்ஸ் என்ன பண்ணார்னா, ஒரு ஆளை நிழல் மாதிரி கர்ரி பின்னாலயே ஒட்ட வெச்சுட்டு, மத்த நாலு பேரைக் கட்டம் மாதிரி நிக்க வெச்சார். இதுக்குப் பேர் பாக்ஸ் அண்ட் ஒன். ஸ்கூல் மேட்ச்சுல, எதிர் டீம்ல ஒரே ஒருத்தன் நல்லா ஆடினா பி.டி. வாத்தியார் போடற திட்டம். உலகத்தோட உச்ச மேடையில இதையா போடறதுன்னு பார்த்தவங்களுக்கு வாய் பிளந்துடுச்சு. ஆனா வாரியர்ஸ் அஞ்சு நிமிஷத்துக்கும் மேல ஒரு பாயின்ட்கூட எடுக்க முடியாமத் தவிச்சாங்க. கடைசி 5.9 செகண்ட் இருக்கறப்போ, கட்டத்துக்கு வெளியில காவல் இல்லாம நின்ன ஒருத்தர் மூணு பாயின்ட் போட்டு மேட்ச்சை முடிச்சார். யாரு? நம்ம இகுடாலாதான்! 109-104. அன்னிக்கு நர்ஸ் தோத்தார். ஆனா அந்தத் தந்திரத்தைத் தூக்கி எறியலை, மறுபடியும் பயன்படுத்தினார். ஆறு மேட்ச்ல கோப்பை டொரான்டோவுக்கு.

மாத்தாதவங்க கதை? 2018 ஹூஸ்டன் ராக்கெட்ஸ். சீசன்ல 65 வெற்றி. கோச் மைக் டி'ஆன்டோனியோட ஃபார்முலா, த்ரீ-பாயின்டர், த்ரீ-பாயின்டர், இன்னும் த்ரீ-பாயின்டர். வாரியர்ஸுக்கு எதிரா சொந்த ஊர்ல ஏழாவது மேட்ச். பாதி ஆட்டத்துல 11 பாயின்ட் முன்னிலை. அப்புறம் தவற ஆரம்பிச்சுது. ஒண்ணு, ரெண்டு இல்லை, தொடர்ந்து 27 த்ரீ-பாயின்டர் தவறிச்சு! மொத்தம் 44 போட்டு 7 விழுந்துச்சு. 92-101னு தோல்வி. கிறிஸ் பால் காயத்தால ஆடலைங்கறது நியாயமான காரணம். போட்டதுல பலதும் நல்ல வாய்ப்புகள்தான்ங்கறதும் வாஸ்தவம். ஆனா இருபதாவது தவறினப்பவாவது 'கொஞ்சம் உள்ளே போய் ஆடுங்கப்பா'ன்னு ஒரு குரல் வந்திருக்கலாமேன்னு இன்னிக்கும் ஹூஸ்டன் ரசிகர்கள் புலம்பறாங்க. 65 வெற்றியைத் தந்த ஃபார்முலாவைக் கடைசி அரை மணி நேரத்துல கைவிட யாருக்கு மனசு வரும், சொல்லுங்க.

நாற்காலிக்கு அடியில நெருப்பு

இந்த வேலையில சம்பளம் கோடிகள்ல. நாற்காலி மட்டும் ஆட்டம் காணும். பிளாட்டையே எடுத்துக்குங்க. ஃபைனல்ஸ் போன அடுத்த சீசன், டீம் 30 வெற்றி 11 தோல்வின்னு ஜம்முனு போயிட்டு இருந்தப்போ, 2016 ஜனவரியில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. 2019-ல கோப்பை ஜெயிச்ச நர்ஸை டொரான்டோ 2023-ல நீக்கிச்சு. 2020-ல லேக்கர்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்த ஃபிராங்க் வோகலுக்கு 2022-ல கல்தா. 2023-ல டென்வருக்கு முதல் கோப்பை தந்த மைக்கேல் மலோனை 2025-ல ப்ளே-ஆஃப் தொடங்க சில நாள் இருக்கறப்போ தூக்கினாங்க.

இதுல மனசைப் பிசையறது மைக் புடன்ஹோல்ஸர் கதை. 2021-ல மில்வாக்கிக்கு 50 வருஷம் கழிச்சுக் கோப்பை கொண்டுவந்தவர். 2023-ல லீக்லயே அதிக வெற்றி, 58. முதல் ரவுண்டுல எட்டாம் இடத்து மியாமிகிட்ட 1-4னு தோத்தார். ஜிம்மி பட்லர் ஒரு மேட்ச்ல 56, அடுத்ததுல 42னு போட்டுத் தாக்கறார். காவலை மாத்தலையேன்னு திட்டு. கடைசி மேட்ச்ல நெருக்கடியான செகண்டுகள்ல, கையில இருந்த டைம்-அவுட்டைக் கேட்கலையேன்னு அதுக்கும் திட்டு. சில நாள்ல வேலை போச்சு. அந்தத் தொடர் நடந்துக்கிட்டு இருந்தப்பவே அவரோட சகோதரர் விபத்துல இறந்துபோனார்ங்கறது பிறகுதான் வெளியே தெரிஞ்சுது. 'அந்த செகண்ட்ல ஏன் டைம்-அவுட் கேட்கலை?'ன்னு சோஃபாவுல சாய்ஞ்சுக்கிட்டுக் கத்தறப்போ, அந்த ஆள் தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு நமக்குத் தெரியவே தெரியாது.

மாத்தினாலும் தப்பிக்க முடியாது. நியூயார்க் கோச் டாம் திபடோ, 'எதையும் மாத்தமாட்டார்'னு பேர் வாங்கினவர். 2025-ல இண்டியானாவுக்கு எதிரா 0-2 ஆனதும் லைன்-அப்பை மாத்தினார், மூணாவது மேட்ச்சை ஜெயிச்சார். 25 வருஷத்துல நியூயார்க் அந்த ரவுண்டு வரைக்கும் வந்ததே அதுதான் முதல் தடவை. ஆறு மேட்ச்ல தோத்ததும், சில நாள்ல வேலை காலி.

சரி, இண்டியானா அங்கிருந்து ஃபைனல்ஸ் போச்சு. எதிர்ல ஓக்லஹோமா சிட்டி. சீசன்ல 68 வெற்றி. அதோட கோச் மார்க் டெக்னால்ட், இண்டியானாவோட வேகத்தைப் பார்த்து, முதல் மேட்ச்சுக்கே ஏழடி ஐசையா ஹார்ட்டன்ஸ்டைனை எடுத்துட்டு, கேசன் வாலஸை இறக்கினார். அதாவது அடி விழறதுக்கு முன்னாலயே கட்டுப் போட்டுக்கிட்டார். நாலாவது கால் பகுதியில 15 பாயின்ட் முன்னிலை. மேட்ச் முழுக்க ஒரு தடவைகூட முன்னால வராத இண்டியானா, 0.3 செகண்ட் இருக்கறப்போ டைரிஸ் ஹாலிபர்ட்டன் போட்ட பந்துல 111-110னு ஜெயிச்சுது. பிடிச்சுக்கிட்டாங்க எல்லாரும். '68 ஜெயிச்ச லைன்-அப்பை ஏன்யா கலைச்சே?'

டெக்னால்ட் உடனே பின்வாங்கலை. ரெண்டாவது மேட்ச்சையும் அதே ஆட்களை வெச்சு ஆடி ஜெயிச்சார். மூணாவதுல தோத்து 1-2 ஆனதும்தான், நாலாவது மேட்ச்ல ஹார்ட்டன்ஸ்டைனைத் திரும்பக் கூப்பிட்டார். ஆமாம், மறுபடியும் அதே நாலாவது மேட்ச்! கடைசி கால் பகுதி ஆரம்பத்துல 7 பாயின்ட் பின்னால இருந்து 111-104னு மீண்டாங்க. ஏழாவது மேட்ச்ல கோப்பையும் வந்துச்சு. தான் செஞ்ச மாத்தத்தைத் தானே திரும்ப மாத்தறதுக்குத் தனி நெஞ்சுரம் வேணும். எதிர் பெஞ்ச்சுல நின்னுக்கிட்டு இருந்த இண்டியானா கோச் யாருன்னு நினைக்கறீங்க? 14 வருஷத்துக்கு முன்னால பரேயாவை இறக்கின அதே ரிக் கார்லைல்!

அடுத்த ஏப்ரல்ல ப்ளே-ஆஃப் ஆரம்பிச்சதும் ஒரு வேலை பண்ணுங்க. அமெரிக்காவுல ராத்திரி மேட்ச்சுன்னா நமக்கு விடிகாலை. ஹாஸ்டல்ல வார்டன்கூட எழுந்திருக்க மாட்டார். ஸ்கோரை விட்டுடுங்க, அது கீழே தானா ஓடும். முதல் டைம்-அவுட் முடிஞ்சு திரும்ப வர்ற அஞ்சு பேர் யாருன்னு பாருங்க. யாரோட காவல் யாருக்குப் போயிருக்கு, எந்த ஆளைத் தூரத்துல தனியா விட்டிருக்காங்கன்னு பாருங்க. 1-2னு ஒரு டீம் பின்தங்கியிருந்தா அடுத்த மேட்ச்சைத் தவற விட்டுடாதீங்க. ஏதோ ஒரு ரூம்ல, பேர் தெரியாத ஒருத்தர் பழைய வீடியோவைத் தேய்ச்சுப் பார்த்துட்டு, 'இதைச் சொல்லலாமா, வேண்டாமா'ன்னு செல்போனைக் கையில வெச்சுக்கிட்டு இருப்பார்.